ஆம்புலன்ஸ் சலுகையா, உரிமையா? மாநிலச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளிகளின் உரிமைகள் குறித்து ஊர்க் கூட்டங்களில் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கூட்டத்தில் சுருக்கமாகச் சொன்ன பதில்களை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: ஆபத்து நேரத்தில் வண்டி வருமா, வந்த வண்டி கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் கதவு திறக்குமா?

108-க்கு அழைத்தால் இலவசமாக வண்டி வருகிறதே, அதற்கு எதற்குச் சட்டம்?

108 ஒரு திட்டம். நல்ல திட்டம், லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த திட்டம். ஆனாலும் திட்டம்தான். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் ஒரு மென்பொருள் நிறுவன அதிபரின் முயற்சியில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. 2009 தொடக்கத்தில் அந்த அதிபர் தம் நிறுவனத்தின் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். சேவையின் நிர்வாகம் வேறொரு குழுமத்தின் கைக்கு மாறியது. வண்டிகள் நிற்கவில்லை என்பது ஊழியர்களுக்கும் மாநில அரசுகளுக்கும் சேர வேண்டிய பெருமை. ஆனால் நின்றுபோயிருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் "இது என் உரிமை" என்று சட்டப் பிரிவைக் காட்டிக் கேட்க யாருக்கும் வழி இருந்திருக்காது.

திட்டம் அரசாணையாலும் ஒப்பந்தத்தாலும் நடக்கிறது. தேசிய நலவாழ்வுக் குழும நிதியும் மாநில நிதியும் சேர்ந்து அதை ஓட்டுகின்றன. இந்த ஆண்டு வண்டியைக் கூட்டலாம், அடுத்த ஆண்டு குறைக்கலாம். எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்பது அரசுக்கும் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான பேச்சு. சாலையோரம் ரத்தம் வழியக் கிடப்பவர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. சட்டம் வந்தால்தான் அவர் ஒரு தரப்பு ஆவார்.

இதை மத்திய அரசே நாடு முழுவதற்கும் செய்துவிடக் கூடாதா?

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. சக்கரம், விளக்கு, சைரன் பற்றி மத்தியச் சட்டம் பேசும். உள்ளே படுத்திருப்பவருக்கு யார், என்ன செய்ய வேண்டும் என்பதை மாநிலம்தான் சொல்ல முடியும். அதனால்தான் கேள்வி மாநிலச் சட்டமன்றத்தின் வாசலில் வந்து நிற்கிறது.

உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டதே?

சொல்லியிருக்கிறது, இரண்டு முறை, மிக அழுத்தமாக.

முதலாவது 1989-இல், பரமானந்த கடாரா வழக்கு. ஸ்கூட்டரில் போனவரைக் கார் மோதியது. அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். "இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது" என்று சொல்லி, சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே அவர் இறந்துபோனார். உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் பிறகு என்று நீதிமன்றம் சொன்னது. அரசு மருத்துவருக்கு மட்டுமன்றித் தனியார் மருத்துவருக்கும் அந்தக் கடமை உண்டு என்றது.

இரண்டாவது 1996-இல், மேற்கு வங்கத்தின் விவசாயத் தொழிலாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கு. அந்த அமைப்பைச் சேர்ந்த ஒருவர் 1992 ஜூலையில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். கல்கத்தாவில் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக அவரைக் கொண்டுபோனார்கள். ஓரிடத்தில் வசதி இல்லை, மற்றோரிடத்தில் படுக்கை இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. பணமில்லை என்பதைக் காரணமாகச் சொல்லி உயிர்காக்கும் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாது என்றும் சொன்னது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தீர்ப்பின் பரிந்துரைகள். எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக இருக்கிறது என்று உடனே தெரிந்து அங்கே நோயாளியை அனுப்ப ஒரு மையத் தகவல் தொடர்பு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும், அங்கிருந்து மாநில அளவிலான மருத்துவமனைக்கும் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வேண்டும். அந்த ஆம்புலன்ஸில் கருவிகளும் ஆட்களும் இருக்க வேண்டும். இதெல்லாம் 1996-இல், கைப்பேசி பெரும்பாலோர் கையில் இல்லாத காலத்தில் எழுதப்பட்டவை. இன்று ஒரு திரையரங்கில் எந்த இருக்கை காலி என்று வீட்டிலிருந்தே பார்க்கிறோம். எந்த மருத்துவமனையில் வெண்டிலேட்டர் காலி என்று நகரும் ஆம்புலன்ஸில் இருப்பவருக்கு ஏன் தெரியக் கூடாது?

உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவிலிருந்து தீர்ப்பு இந்த உரிமையை எடுத்துக் கொடுத்துவிட்டது. அதை நடத்திக்காட்ட அலுவலர், நிதி, கால அளவு, தண்டனை எல்லாம் வேண்டும். அவற்றைச் சட்டம்தான் தர முடியும்.

சட்டத்துக்கு மாதிரி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2006-இல் இந்திய சட்ட ஆணையம் தன் 201-ஆவது அறிக்கையில் விபத்தில் சிக்கியவர்கள், அவசர நிலையில் உள்ளவர்கள், பிரசவ வலியில் துடிக்கும் பெண்கள் ஆகியோருக்கான அவசர சிகிச்சை பற்றி ஒரு மாதிரிச் சட்டத்தையே எழுதிக் கொடுத்தது. போதிய வசதி இல்லாத மருத்துவமனை என்ன செய்ய வேண்டும், நோயாளியின் நிலையைச் சீராக்கி எப்படி வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், செலவு யாருடையது என்றெல்லாம் அதில் பேசப்படுகிறது. பிரசவ வலியை விபத்துக்கு இணையாக வைத்த அந்த ஒரு முடிவுக்காகவே அந்த அறிக்கையை மதிக்கிறேன்.

எந்த மாநிலம் முதலில் சட்டம் இயற்றியது?

குஜராத். அவசர மருத்துவ சேவைகள் சட்டம், 2007. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில்தான் அங்கே 108 தொடங்கியது. அதாவது வண்டிகளோடு சேர்ந்தே சட்டமும் வந்தது. அவசர மருத்துவ சேவையை ஒரு தனித் துறையாகப் பார்த்து, அதை மேற்பார்க்கவும் நடத்துவோரை முறைப்படுத்தவும் சட்ட அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் அங்கே முதலில் வடிவம் பெற்றது.

அஸ்ஸாம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2010-இல் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டத்தில், அவசர நிலையில் வரும் நோயாளிக்கு முதல் 24 மணி நேரம் அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்றது. ஒரு மாநிலம் வண்டியிலிருந்து தொடங்கியது, மற்றொன்று மருத்துவமனை வாசலிலிருந்து. இரண்டையும் ஒரே சட்டத்தில் முழுதாகக் கட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ராஜஸ்தான் சட்டம் ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

2023 மார்ச் 21 அன்று ராஜஸ்தான் சட்டமன்றம் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி, அரசு தீர்மானிக்கும் பிற அவசரங்கள் ஆகியவற்றுக்கு முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும் என்றது. போலீஸ் அறிக்கை வரட்டும் என்று தாமதிக்கக் கூடாது என்றது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு இலவச சிகிச்சையோடு இலவசப் போக்குவரத்தையும் சேர்த்தது. நம் தலைப்புக்கு இது முக்கியம்: கொண்டுபோய்ச் சேர்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நோயாளியால் பணம் கட்ட முடியாவிட்டால் மருத்துவமனைக்கு அரசு ஈடுகட்டும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த முறை 25,000 ரூபாய் வரையிலும் அபராதம்.

தனியார் மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜெய்ப்பூரில் பேரணி, மருத்துவமனைகள் மூடல் என்று இரண்டு வாரம் போல நீடித்த போராட்டம் ஏப்ரல் 4 அன்று உடன்பாட்டில் முடிந்தது. ஐம்பது படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்குச் சட்டம் பொருந்தாது என்று அரசு இறங்கிவந்தது. முதல் கட்டமாகத் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், அரசிடம் சலுகை விலையில் நிலம் பெற்றவை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் இழுபட்டுக்கொண்டே போயின.

மருத்துவர்கள் எதிர்த்ததில் நியாயம் இல்லையா?

இருந்தது. "அவசரம் என்றால் எது? யார் முடிவு செய்வது? பணம் எத்தனை நாளில் வரும்?" என்ற மூன்று கேள்விகளுக்கும் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. சிறு நகரத்தில் பத்துப் படுக்கை வைத்து நடத்தும் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் தலையில் அடிபட்டவரைக் கொண்டுவந்து கிடத்தினால் அவர் என்ன செய்வார்? அரசுக் காப்பீட்டுத் தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் பல மருத்துவமனைகளுக்கு உண்டு. அந்த அச்சத்தைப் பேராசை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அதே நேரம், ஐம்பது படுக்கை என்று கோடு போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மாவட்டத் தலைநகருக்கு வெளியே அந்த அளவுள்ள மருத்துவமனைகள் எத்தனை? கிராமத்துக்கு அருகில் இருப்பவை எல்லாம் சிறியவை. அவற்றை முழுவதும் விலக்கிவிட்டால் மிகத் தேவையான இடத்தில் சட்டம் இல்லாமல் போகும். எந்த மருத்துவமனைக்கும் அதன் சக்திக்கு ஏற்ற கடமை என்று வைத்திருக்கலாம். ரத்தப்போக்கை நிறுத்து, மூச்சு சீராக வழி செய், வண்டியை வரவழை, அடுத்த மருத்துவமனைக்குப் போன் செய்து சொல். இதைப் பத்துப் படுக்கை மருத்துவமனையும் செய்ய முடியும். 2010-இன் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டமும், இருக்கிற ஊழியர்களையும் வசதியையும் கொண்டு நிலையைச் சீராக்க வேண்டும் என்று ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது.

ஒரு மாநிலத்துக்கு எத்தனை ஆம்புலன்ஸ் போதும்?

நாட்டில் வழங்கும் கணக்கு: லட்சம் பேருக்கு ஓர் அடிப்படை உயிர்காப்பு வண்டி, ஐந்து லட்சம் பேருக்கு வெண்டிலேட்டர் உள்ளிட்ட வசதிகளுடன் ஓர் உயர்நிலை வண்டி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர். கணக்குப் போட்டால் 860-க்கு மேல் கொஞ்சம் வரும். நம்மிடம் 1,300-க்கு மேற்பட்ட 108 வண்டிகள் இருக்கின்றன. ஆக நாம் தேறிவிட்டோம் என்று ஆகிறதல்லவா?

அல்லேரி மலைக்குப் போய் அதைச் சொல்ல முடியாது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே இருக்கும் அந்த மலையில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் குழந்தை இறந்துவிட்டது. உடற்கூறாய்வு முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தோடு நின்றுவிட்டது. தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது.

தலைக்கணக்கு நகரத்துக்குச் சாதகமான கணக்கு. மலையிலும் கடலோரத் தீவிலும் காட்டு ஓரத்திலும் ஆட்கள் குறைவு, தூரம் அதிகம். அங்கே கணக்கிட வேண்டியது நேரத்தை. "இந்தக் குடியிருப்பிலிருந்து அழைத்தால் இத்தனை நிமிடத்துக்குள்" என்று சட்டம் சொல்லுமானால், அந்த நேரத்துக்குள் போக முடியாத ஊர்களின் பட்டியல் தானாக வெளியே வரும். சில இடங்களுக்கு வண்டி விடை ஆகாது. சாலைதான் விடை. சாலை வரும்வரை பைக் ஆம்புலன்ஸ், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர், பாம்புக்கடி மருந்து இருப்பு வைத்த துணை சுகாதார நிலையம் என்று வழிகள் உண்டு. இன்றும் டோலி கட்டித் தூக்கிவரும் ஊர்கள் எவை என்று ஒவ்வொரு மலை மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரியும். அதைச் சட்டப்படி வெளியிட வேண்டிய கட்டாயம்தான் இல்லை.

தனியார் ஆம்புலன்ஸ்களை யார் கேட்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தனியார் வண்டி ஒன்றைப் பிடித்தோம். பாதி வழியில் அவருக்கு மூச்சு இரைத்தது. உடன் வந்த பையன் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தான். மீட்டர் முள் அசையவே இல்லை. காலி சிலிண்டர். அந்தப் பையனுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. ஸ்ட்ரெச்சர் போட்ட ஒரு வேனுக்கு ஆம்புலன்ஸ் என்று பெயரெழுத அனுமதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்ட ஏற்பாட்டின் மீதுதான் கோபம்.

வண்டியின் தரத்துக்கு விதி இருக்கிறது. ஏஐஎஸ்-125 என்ற வாகனத் தரநிலை ஆம்புலன்ஸை நான்கு வகையாகப் பிரிக்கிறது: முதலுதவியாளர் செல்லும் வண்டி, நோயாளியை இடம் மாற்ற மட்டுமான வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, உயர்நிலை உயிர்காப்பு வண்டி. வாடகைக்கு எடுக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சைரன் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. எந்த வகை வண்டி என்பதைக் கதவில் தமிழில் பெரிதாக எழுத வேண்டும் என்று ஒரு மாநில விதி சொன்னாலே பாதி ஏமாற்று நின்றுவிடும்.

கட்டணத்தைப் பற்றி, 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், ஆம்புலன்ஸுக்கு நியாயமான கட்டணத்தை மாநிலங்கள் நிர்ணயிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சில கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் பிடுங்கிய காலம் அது. பெருந்தொற்றுக் காலத்துக்குக் கட்டண வரம்பு சரி என்றால், சாதாரண நாளில் மாரடைப்பு வந்தவருக்கு மட்டும் ஏன் கூடாது?

வண்டிக்குள் வேலை செய்பவர்களுக்குச் சட்டம் என்ன செய்யும்?

108-இல் இரண்டு பேர். ஓட்டுநரை அவர்கள் பைலட் என்பார்கள். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர். நகரும் வண்டியில் பிரசவம் பார்ப்பவர்கள் இவர்கள்தான். நீண்ட பணிநேரம், சம்பளம், போனஸ் ஆகியவற்றுக்காக இவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். போராடும்போதெல்லாம் "அத்தியாவசியச் சேவை, நிறுத்தக் கூடாது" என்று நினைவூட்டுகிறோம். அத்தியாவசியம் என்றால் அது இரு பக்கமும் கட்டுப்படுத்த வேண்டும். 2021-இன் துணை மருத்துவத் தொழில்கள் தொடர்பான மத்தியச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரை ஒரு தொழிலராக அங்கீகரிக்கிறது. மாநிலச் சட்டம் அதன் மேல் பணிநேர வரம்பையும் அரசு ஒப்பந்தம் யார் கைக்கு மாறினாலும் வேலை தொடரும் என்ற உறுதியையும் கட்ட வேண்டும். களைத்துப்போன பைலட் ஓட்டும் வண்டி நோயாளிக்கும் ஆபத்து.

வழிவிடாத வண்டிகளுக்குத் தண்டனை உண்டா?

உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஈ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே?

வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு தந்தது. 2019-இல் அது மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே சேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்ல அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவர் கிளம்பிப் போகலாம். இதை ஒவ்வொரு டீக்கடையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய பத்து நிமிடம் அந்த டீக்கடையில் நிற்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்போது நிலைமை என்ன?

திட்டங்களில் நாம் பின்தங்கவில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி இல்லை. வண்டியையும் மருத்துவமனைக் கதவையும் இணைத்துப் பார்த்த திட்டம் என்பதால் இதை மனமாரப் பாராட்டுகிறேன்.

மத்தியில், விபத்துக்குப் பின்னான முதல் ஒரு மணி நேரத்தை 'பொன்னான நேரம்' என்று 2019 திருத்தமே வரையறுத்து, அந்நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் வகுக்கச் சொன்னது. வருடங்கள் ஓடின; திட்டம் வரவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, அந்த ஆண்டு மே மாதம் திட்டம் அறிவிக்கப்பட்டது: ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. சட்டத்தில் ஒரு வரி இருந்ததால்தான் நீதிமன்றம் கெடு விதிக்க முடிந்தது. வெறும் வாக்குறுதியாக இருந்திருந்தால் எதைப் பிடித்துக் கேட்டிருக்க முடியும்?

இவை எல்லாம் சாலை விபத்துக்கு. மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், பூச்சிமருந்து குடித்தவர் ஆகியோருக்கு இதே அளவு உறுதி எழுத்தில் வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும், இறந்தவர் உடலைக் கொண்டுபோகவும்?

2011 ஜூனில் தொடங்கிய மத்தியத் திட்டத்தின்படி கர்ப்பிணியை வீட்டிலிருந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது, பிரசவத்துக்குப் பின் வீட்டில் கொண்டுவிடுவது மூன்றும் இலவசம். தமிழ்நாட்டில் பிரசவத்துக்குப் பின் வீட்டில் கொண்டுவிட 102 தாய் சேய் நல ஊர்தி இருக்கிறது.

உடலைக் கொண்டுபோவது பற்றிப் பேச எல்லோரும் தயங்குவார்கள். 2016 ஆகஸ்ட்டில் ஒடிசாவின் காளஹாண்டியில் ஒருவர் வாகனம் கிடைக்காமல் மனைவியின் உடலைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்தார். பக்கத்தில் மகள் அழுதபடி வந்தாள். நோயாளிக்கான ஆம்புலன்ஸை உடலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி சரியான விதி. மாற்று ஏற்பாடு இல்லாமல் அந்த விதியை மட்டும் வைத்திருப்பது கொடுமை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலிருந்து இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. இறந்தபின் வீடு சேர்வதும் சட்டத்தில் இடம்பெற வேண்டும்.

வெளிநாடுகளில் மாநிலச் சட்டங்கள் எப்படி?

அமெரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. வண்டி வரும், பின்னால் பெருந்தொகைக்குப் பில்லும் வரும். 2022 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் எதிர்பாராத மருத்துவப் பில்களிலிருந்து மக்களைக் காத்தது. வான்வழி ஆம்புலன்ஸைச் சேர்த்துக்கொண்டு, தரைவழி ஆம்புலன்ஸை வெளியே விட்டது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தாங்களே சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைத்தன; கலிபோர்னியாவின் சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்தியச் சட்டம் விட்ட இடத்தில் மாநிலம் நுழைவது அங்கும் நடக்கிறது.

உங்கள் பார்வையில் ஒரு நல்ல மாநிலச் சட்டம் என்ன சொல்ல வேண்டும்?

அழைத்த நொடியிலிருந்து மருத்துவர் கை வைக்கும் நொடிவரை முழுப் பயணத்துக்கும் ஒருவர் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். இப்போது பொறுப்பு துண்டு துண்டாக இருக்கிறது. வண்டி நேரத்தில் வந்துவிட்டது என்று ஒரு பதிவேடு சொல்லும். நோயாளி மருத்துவமனைக்கு உயிரோடு வந்தார் என்று இன்னொன்று சொல்லும். வாசலில் ஸ்ட்ரெச்சர் கிடைக்காமல் வண்டிக்குள்ளேயே காத்திருந்த இருபது நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அந்த இருபது நிமிடத்தைக் கணக்கில் கொண்டுவரும் சட்டமே எனக்கு நல்ல சட்டம்.

பணம் எங்கிருந்து வரும் என்று சட்டத்திலேயே சொல்ல வேண்டும், ராஜஸ்தான் கற்றுத்தந்த பாடம் அது. மருத்துவமனைக்குத் தர வேண்டிய தொகை குறித்த நாளுக்குள் வராவிட்டால் அரசு வட்டி கட்டட்டும். விதிகளை வெளியிடக் கெடு வைக்க வேண்டும். மாவட்ட வாரியாக வண்டி வந்துசேர்ந்த நேரத்தை மாதந்தோறும் பொதுவில் வைக்க வேண்டும். அபராதம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும். 10,000 ரூபாய்க்குப் பயந்து திறக்கும் கதவு என்று பெரிய மருத்துவமனை எதிலும் இல்லை.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

அழைத்த நேரம், வண்டி வந்த நேரம், மருத்துவமனை வாசலை அடைந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். அந்த நேரத்தில் முடியாது என்று தெரியும். மறுநாள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைப் பார்த்தாவது குறியுங்கள். முன்பணம் கேட்டால் கேட்டவரின் பதவியை எழுதிவையுங்கள். பிறகு புகார் தரும்போது அந்த நேரங்கள்தான் பேசும்.

தனியார் வண்டி பிடிக்க நேர்ந்தால் ஏறுவதற்கு முன் சிலிண்டரைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

உங்கள் ஒன்றியத்தில் 108 வண்டிகள் எந்தெந்த இடங்களில் நிறுத்தப்படுகின்றன, கடந்த ஆண்டு சராசரியாக எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன, வாகனம் போக முடியாத குடியிருப்புகள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். வந்த பதிலைக் கிராம சபையில் வாசித்து, தீர்மானமாக எழுதி, நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.